ஒரே வீரர்... ரெண்டு பந்து!

'நேத்து வரைக்கும் ஃபுட்பால்... இன்னிக்கு பாஸ்கெட்பாலா? ஏதாவது ஒண்ணை உருப்படியா ஆடேன்டா!'

பிள்ளையிடம் நீங்களும் இப்படி அலுத்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் சார்லி வார்டின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இவர். கல்லூரி ஃபுட்பால் அணியிலும் ஆடினார். பாஸ்கெட்பால் அணியிலும் ஆடினார். அந்த ஊர் ஃபுட்பால் நம்ம கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர் மேல் எதிரணி ஆட்கள் பாய்ந்து அமுக்குகிற முரட்டு ஆட்டம்! அதில் ஆட்டத்தை நடத்திச் செல்லும் 'குவார்ட்டர்பேக்' சார்லிதான்.

1993-ல் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். 1994 ஜனவரி 1-ம் தேதி நெப்ராஸ்காவை 18-16 என்று தோற்கடித்து, அவர் அணி தேசிய சாம்பியன் ஆனது.

அப்புறம்? அதே வருஷம் நியூயார்க் நிக்ஸ் பாஸ்கெட்பால் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது! உயரம் 6 அடி 2 அங்குலம்தான். பாஸ்கெட்பாலில் அது குள்ளம். ஆனாலும் 2005 வரை தொழில்முறை ஆட்டக்காரராக நின்று காட்டினார். யார் எங்கே நிற்கிறார்கள், பந்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று கண நேரத்தில் முடிவெடுக்கும் பழக்கம் ரெண்டு ஆட்டத்துக்குமே வேண்டியதாச்சே!

உடம்பு தாங்குமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும்; பெரிய ஆட்டங்கள் ஜனவரி வரை இழுக்கும். பாஸ்கெட்பாலோ நவம்பரிலேயே ஆரம்பம். நடுவில் ஓய்வு எங்கே? ஃபுட்பாலில் தோளுக்கும் தலைக்கும் அடி. பாஸ்கெட்பாலில் எம்பிக் குதித்து, சட்டென்று திரும்பும்போது கணுக்காலும் முழங்கால் ஜவ்வும் பாடுபடும். ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் கூப்பிடும்.

அப்படியானால் ரெண்டு ஆட்டம் கூடாதா? அதுதான் இல்லை! சின்ன வயசிலிருந்தே ஒரே ஆட்டத்தை வருஷம் பூரா ஆடுவதில்தான் ஆபத்து அதிகம். அதே மூட்டு, அதே அசைவு, தினமும் தேய்மானம். 15, 16 வயது வரை பிள்ளையை ஒரே ஆட்டத்தில் முடக்க வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விளையாட்டுக்கு லீவு. முக்கியமாக ஆடும் ஆட்டத்துக்கு, ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம் இடைவெளி. இதுவும் அவர்கள் சொல்வதுதான்.

ரெண்டு ஆட்டம் என்றால் ரெண்டு மடங்கு பயிற்சி என்று அர்த்தமில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று திணித்தால் பலன் போய்விடும். தசை பலப்படுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். டீன் ஏஜ் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் அவசியம்.

இதையெல்லாம் கவனியுங்கள்...

* ஓய்வெடுத்தும் போகாத வலி, நொண்டல், வீக்கம்.

* வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது.

* காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் சரிவு.

* பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோவது.

இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ, வாந்தியோ, குழப்பமோ வந்தால் அன்றைக்கு ஆட்டமே கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

ஒரு விஷயம். ஃபுட்பால் கோச்சுக்கு அவர் பயிற்சி நேரம் மட்டும்தான் தெரியும். பாஸ்கெட்பால் கோச்சுக்கு அவருடையது. ரெண்டையும் கூட்டிப் பார்க்க முடிகிற ஒரே ஆள் வீட்டில் இருக்கும் நீங்கள்தான். காலண்டரில் குறித்து வையுங்கள். இன்று சாயங்காலம் பிள்ளை வந்ததும், 'ஜெயிச்சியா?' என்பதற்கு முன்னால், 'எங்கேயாவது வலிக்குதாப்பா?' என்று கேளுங்களேன்!