பச்சைக் கல் சொல்லும் தூரம்

உலகில் வெட்டியெடுக்கும் செம்பில் ஏறக்குறைய முக்கால்வாசி, போர்ஃபிரி வகைப் படிவுகளில் இருந்துதான் வருகிறது. நிலத்துக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் எரிகுழம்பு ஆறும்போது அதிலிருந்து பிரியும் சூடான திரவம், சுற்றியுள்ள பாறையைப் பிளந்து, அந்த விரிசல்களில் செம்பைப் படியவைக்கிறது. பெரும்பாலும் நூறு கிலோ பாறைக்கு ஒரு கிலோ செம்புகூடத் தேறாது. ஆனா படிவு மலையளவு இருப்பதால் கட்டுப்படியாகிறது.

தேடும் பழைய வழி எளிது. ஓடை மணலைச் சோதிக்க வேண்டும். உலோகம் கூடுதலாகத் தெரிந்தால் ஓடையோடு மேலே ஏற வேண்டும். இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் பத்து ஹிஜாவ் படிவை 1990இல் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான்.

சரி, படிவு முழுசாகப் புதைந்து கிடந்தால்? அமெரிக்காவின் அரிசோனாவில் ரெசொல்யூஷன் படிவு இருப்பது 1 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில். அது ஓடை மணலில் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டால் பணம்தான் கரையும்.

இங்கேதான் பச்சைக் கல் உதவுகிறது. படிவைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் பாறை வெந்து பச்சையாகிவிடும். அந்த நிறத்துக்கு ஒரு காரணம் குளோரைட்டு என்ற கனிமம். (குளோரினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைங்க. கிரேக்கத்தில் ‘குளோரோஸ்’ என்றால் பச்சை.) செம்பு இல்லாத பாறை என்று முன்பு இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வில்கின்சன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பத்து ஹிஜாவைச் சுற்றி 5 கி.மீ. வரை எடுத்த 80 மாதிரிகளின் குளோரைட்டை லேசரால் சுரண்டி அளந்தார்கள். இடம் ஏற்கெனவே தெரிந்த படிவு என்பதால், அளவுகோல் செய்ய அதுவே வசதி. சூடு அதிகமான இடத்தில் குளோரைட்டுக்குள் டைட்டானியம் அதிகம் நுழைகிறது. ஸ்ட்ரோன்சியமோ தள்ளிப் போகப்போகக் கூடுகிறது. ஒன்றை மற்றதால் வகுத்தால் தூரம் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட சில விகிதங்கள் பத்தாயிரம் மடங்கு வரை மாறின.

ஒரு கல் தூரத்தை மட்டும்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. அதனால் பல இடங்களில் கல் எடுத்து, எந்தப் பக்கம் தூரம் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. குளோரைட்டு காட்டுவது சூடு இருந்த இடத்தை. அங்கே செம்பு இருக்கிறதா, எவ்வளவு என்பதைத் துளை போட்டுத்தான் அறிய முடியும். ஆனால் பத்துத் துளை போட வேண்டிய இடத்தில் இரண்டு போதும் என்றால், பணமும் மிச்சம், காடும் மிச்சம்.