ரேணிகுண்டாவிலிருந்து ஐதராபாத்துக்கு

சூளூர்பேட்டைக்காரர்களுக்கு ஆகாய மார்க்கம் புதிய சங்கதி அன்று. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன; வடக்கே நேலப்பட்டு ஏரி மரங்களிலோ, புலிகாட் ஏரியில் மீன் கொத்திய கூழைக்கடாக்கள் வந்து இறங்குகின்றன. ஆயினும், ஐதராபாத்துக்கு விமானம் ஏறுவதற்காக ரேணிகுண்டாவுக்கு (திருப்பதி விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது) புறப்பட்ட ஒருவர், சீட்டைப் பார்த்து மனக்கணக்குப் போட்டாரானால் சற்றுக் குழம்பித்தான் போவார்.

தூரத்தை அறிவது சுலபம். உலக உருண்டையின்மேல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்தால், அதுவே மிகக் குறுகிய வழி. அது சுமார் 415 கிலோமீட்டர். சாலையில் போனால் 550க்குக் குறையாது. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கவல்ல ஜெட் விமானம் அரை மணியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமல்லவா? சீட்டிலோ ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கிறது!

கணக்கில் பிழையில்லை. சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கட்டையை இங்கே எடுத்தது முதல் அங்கே மீண்டும் வைக்கும் வரையில் ஆகும் காலம் முழுவதையும் பிரயாண நேரமாகக் கொள்வது விமானத் துறையின் வழக்கம். ரேணிகுண்டாவின் ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஐதராபாத்தோ வடக்கே, சிறிது மேற்காகச் சாய்ந்திருக்கிறது. எந்த முனையை நோக்கி ஓடி எழுந்தாலும் திசை திரும்பியே ஆகவேண்டும். எந்த முனை என்பதைத் தீர்மானிப்பது காற்று. கூழைக்கடா கிளையில் அமருமுன் காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி, இறக்கையை விரித்து வேகத்தைக் குறைப்பதைக் கண்டவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி, ஏற்றமும் இறக்கமும். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்க்கணக்கு; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆகவே 30,000 அடி உயரத்தில் செல்லும் விமானம், ஐதராபாத்துக்குச் சுமார் 165 கிலோமீட்டர் முன்னதாகவே இறங்கத் தொடங்கிவிடுகிறது. பணிப்பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் மூக்கு தாழ்ந்துவிடும். முழு வேகத்தோடு சமமாகப் பறக்கும் பாகம் நடுவிலே கொஞ்சந்தான்.

இக்காரணத்தால், இறக்கைகளில் விசிறி சுழல மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லும் ஏ.டி.ஆர். விமானம், இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட்டுக்கு வெகுவாகப் பின்தங்குவதில்லை. எண்ணெய்ச் செலவும் குறைவு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் 2.7 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு விமானம் தினசரி ஓடுகிறது. இரண்டு நிமிஷப் பிரயாணம். அங்கே ஏற்றமும் இறக்கமும் தவிர வேறொன்றும் இல்லை.

நம் பிரயாணியோ நாயுடுபேட்டை, காளஹஸ்தி வழியாக ரேணிகுண்டா வந்து சேர்வதற்குள்ளேயே அந்த ஒரு மணியைச் செலவழித்துவிடுகிறார்.