கூலியும் ஊதியமும்: அரசமைப்பின் 43 ஆம் உறுப்பும் கொங்கு நாட்டு விசைத்தறியும்

'கூலி', 'ஊதியம்' என்னும் இரு சொற்களும் இன்று ஏறத்தாழ ஒரு பொருளனவாகவே வழங்குகின்றன. திருக்குறளிலோ கூலி என்பது உடல் வருந்தி உழைத்ததற்குக் கிடைக்கும் பயனையும், ஊதியம் என்பது ஆக்கத்தையும் பேற்றையும் குறிக்கும். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. நம் பொருளியல் முறை பற்றிய வினா ஒன்றையும் அது தெளிவாக்கும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1950 சனவரி 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, சமுதாயம், பொருளியல், அரசியல் என்னும் மூவகை நீதியையும் தன் முகவுரையிலேயே குறிக்கோளாக வைத்தது. அவற்றை எய்தும் வழிகள் 4 ஆம் பகுதியில் அரசுக்குரிய நெறிகளாக அமைந்துள்ளன. பொதுநலத்துக்குக் கேடாகச் செல்வமும் உற்பத்திக் கருவிகளும் ஓரிடத்தே குவிதலாகாது என்பது 39 ஆம் உறுப்பின் கருத்து. உழவிலும் ஆலையிலும் பிற தொழில்களிலும் உழைக்கும் அனைவர்க்கும் வேலையும் வாழ்வூதியமும் கிடைக்க அரசு முயலவேண்டும் என்பது 43 ஆம் உறுப்பின் கருத்து. வாழ்வூதியமாவது உயிர் தரித்தற்கு மட்டும் போதிய கூலியன்று. ஓய்வும் பண்பாட்டு வாய்ப்பும் உடைய நல்வாழ்வுக்குப் போதிய வருவாயாகும். 'பிற தொழில்' என்பதே ஈண்டு ஊன்றி நோக்கத் தக்கது.

கோவையில் 1888 இல் நூற்பாலை தோன்றியது. 1930 களில் பைக்காரா மின்னாற்றல் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைத் தொழிலாளர் சங்கங்களாகத் திரண்டு உரிமை கேட்டனர். முதலாளி யார், தொழிலாளி யார் என்பதில் அங்கு ஐயமில்லை. பின்னாளில் சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் பரவிய விசைத்தறித் தொழிலின் நிலை வேறு. அங்குத் தறி நெசவாளருடையது. நூலும் நெய்த துணியும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. பாவும் ஊடைநூலும் பெற்று, நெய்து கொடுத்து, அளவுக்கேற்பக் கூலி பெறுகின்றார் நெசவாளர். மின்கட்டணமும் தறியின் பழுதும் அவர் பொறுப்பே. உலகம் அவரை 'உரிமையாளர்' என்கிறது; அவர் பெறுவதையோ 'கூலி' என்றே வழங்குகிறது. இவ்விரு சொற்களின் முரணிலேயே சிக்கல் அடங்கியுள்ளது.

1948 ஆம் ஆண்டின் குறைந்த அளவுக் கூலிச் சட்டமும், அதனைத் தன்னுள் அடக்கிய 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், வேலை தருவோர்க்கும் செய்வோர்க்கும் உள்ள உறவையே அடிப்படையாகக் கொண்டவை. தறியுடையார் பெறும் நெசவுக் கூலியோ இரு தொழில் முனைவோரிடையே நிகழும் ஒப்பந்தமாகக் கருதப்படுகிறது. அரசு அலுவலர் முன்னிலையில் பேசி முடித்த கூலியும் நடைமுறையில் நழுவிவிடுகிறது. 2022 இலும் 2025 இலும் இவ்வட்டாரங்களில் தறிகள் நின்றதற்கு இதுவே காரணம். கூலி குறையின், தறியில் வேலைக்கு அமர்ந்த தொழிலாளியின் வருவாயும் உடன் குறையும்.

நூல் விலையும் துணி விலையும் நாளும் மாறுகையில் உற்பத்தியாளரை மட்டும் கட்டுப்படுத்துதல் முறையாமோ எனின், அத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் விலைவீழ்ச்சியின் சுமையைத் தாங்கும் வலிமை இருவர்க்கும் ஒத்ததன்று. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982 இல், வறுமையின் நெருக்குதலும் கட்டாயமே என உச்ச நீதிமன்றம் கொண்டது. சட்டம் வகுத்த குறைந்த அளவினும் தாழ்ந்த கூலிக்கு உழைப்பிப்பது 23 ஆம் உறுப்பு விலக்கும் கட்டாய உழைப்பாகும் என்றது. குறைந்த அளவே வகுக்கப்படாத தறிக்காரர்க்கு அத்தீர்ப்பு நேரே துணையாகாது. எனினும், பசியால் இசைந்த இசைவு முழு இசைவன்று என்னும் அதன் உட்கருத்து இவர்க்கும் பொருந்தும்.

4 ஆம் பகுதியின் நெறிகளை நீதிமன்றத்தில் வழக்கிட்டுப் பெறுதல் இயலாது என்கிறது 37 ஆம் உறுப்பு. அதுவே, அவை நாட்டின் ஆட்சிக்கு அடிப்படை என்றும், சட்டம் இயற்றுகையில் அவற்றைக் கைக்கொள்ளுதல் அரசின் கடமை என்றும் கூறுகிறது. 43 ஆம் உறுப்பு சட்டத்தை மட்டுமன்றிப் பொருளியல் அமைப்பையும் வழியாகச் சுட்டுகிறது. கூட்டுறவு முறையையும் குறிப்பிடுகிறது. கூட்டுறவுக்குப் பெருந்தொண்டாற்றிய கோவை தி. அ. இராமலிங்கம் செட்டியார் அரசமைப்பு அவையின் உறுப்பினராக இருந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. பேசி முடித்த கூலிக்குச் சட்டக் காப்பு ஒன்று. நெசவாளர் தாமே நூல் வாங்கித் துணி விற்கும் வலிமையுள்ள கூட்டுறவு மற்றொன்று. முன்னது கூலியைக் காக்கும். பின்னது ஊதியத்தைத் தரும். இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி, முகவுரை கூறும் பொருளியல் நீதி கொங்கு நாட்டுத் தறிக்கூடத்தை எட்டாது என்பதே எம் துணிபு.