ரப்பரைப் பிடுங்கிக்கொண்ட வாத்தியார்

துணி மேல் சாக்பீஸ் பிடித்தால் எனக்குக் கை நடுங்காது. பத்தொன்பது வருஷமாக ப்ளவுஸ் தைக்கிறேன். கழுத்து, தோள், அக்குள் வளைவு எல்லாம் இழுத்த இழுப்பில் வந்துவிடும். அதே கையில் பென்சிலைக் கொடுத்து வெள்ளைத் தாளை முன்னால் வைத்தால், கோடு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் சிலிர்த்து நிற்கும்.

பானைக் கழுத்து எப்படி இருக்கும், முதுகில் கயிறு எங்கே வரும் என்று கேட்கிறவர்களுக்கு வரைந்து காட்டலாமே என்ற ஆசைதான். போன ஆடியில், முகூர்த்தம் இல்லாமல் மிஷின் சும்மா கிடந்த மாதத்தில், கும்பகோணத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஒரு குடத்தை வரையச் சொன்னார். ஒரு இஞ்ச் இழுப்பேன், நிற்பேன், சரியா என்று பார்ப்பேன், அதன் மேலேயே இன்னொரு துண்டு இழுப்பேன். நடுநடுவே ரப்பர். குடம் முடிந்தபோது விளிம்பெல்லாம் பிசிறு. சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுக்கு ஓவர்லாக் போடணும்மா" என்றார். ஆளறிந்து அடித்தார்.

பிறகு பென்சிலையும் ரப்பரையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு பால்பாயின்ட் பேனாவைக் கொடுத்தார். தாளில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும், நடுவே நாலு இஞ்ச். பேனா தாளில் படாமல், ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றில் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். கை அந்த ஓட்டத்துக்குப் பழகியதும், வேகத்தைக் குறைக்காமல் பேனாவைத் தாளில் இறக்கிவிட வேண்டும். கண் பேனா முனையில் இருக்கக் கூடாது, போய்ச்சேரும் புள்ளியில் இருக்க வேண்டும். "தாண்டிப் போனா போகட்டும். பயந்து பயந்து தொடாதீங்க. தப்பா விழுந்த கோட்டு மேல திரும்பப் போகவும் வேணாம், பக்கத்துல புதுசா ஒண்ணு போடுங்க" என்றார். தினம் ஒரு பக்கம் இதே வேலை. பார்ப்பதற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு மாதிரி இருந்தது.

ஏன் நடுங்குகிறது என்பதற்கு சார் ஒரு பழைய சோதனையைச் சொன்னார். 1899இல் ராபர்ட் உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர், மெட்ரோனோம் தட்டும் தாளத்துக்கு ஆட்களைக் கோடு இழுக்கவைத்து அளந்து பார்த்தாராம். மெதுவாக இழுக்கும்போது கண் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறது. வேகம் கூடக் கூட, கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கண் பார்த்து, மூளைக்குச் சேதி போய், கை திரும்புவதற்கு நொடியில் ஒரு பங்காவது ஆகிறது. அதற்குள் கை அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். தாமதமாக வரும் திருத்தம் அடுத்த இடத்தைக் கோணலாக்கும், அதைத் திருத்த இன்னொன்று. நாம் நடுக்கம் என்று சொல்வதில் இப்படி நேரம் தவறி வந்த திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன.

ரப்பர்தான் குற்றவாளி என்று சார் சொல்வதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். சாக்பீஸ் கோட்டையும்தான் தட்டினால் போய்விடுகிறது. அப்படியும் துணியில் எனக்குப் பிசிறு வருவதில்லையே. ஒரு வாரம் கழித்து வெட்டுமேஜையில் நிற்கும்போது பிடிபட்டது. கோடு போடுமுன் நான் தோள் அளவு, மார்பளவு, கழுத்து இறக்கம் எல்லாவற்றுக்கும் அடையாளம் வைத்துவிடுகிறேன். கோடு எங்கே போகப்போகிறது என்பது முன்பே முடிவான சங்கதி. குடம் வரையும்போது, வடிவம் எங்கே என்று கோட்டை வைத்தே தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, மேஜையில் நின்றுகொண்டு வேலை செய்கிறேன். கை தோளிலிருந்து அசைகிறது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டால் மணிக்கட்டு ஊன்றிக்கொள்கிறது. ஊன்றிய மணிக்கட்டு விசிறி மாதிரி திரும்பத்தான் செய்யும். சின்ன வளைவுக்கு அது போதும், நீளமான நேர்கோடு அதில் வளைந்துபோகும். அடுத்த நாள் தாளை வெட்டுமேஜையில் விரித்து நின்றுகொண்டே குடத்தை வரைந்தேன். முதலில் வாய், கழுத்து, வயிறு, அடி ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி. அப்புறம் பக்கத்துக்கு ஒரே இழுப்பு. குடம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது, ஆனால் பிசிறு இல்லை.

சார் வீட்டில் பைண்டு செய்த பழைய ஆனந்த விகடன்கள் இருக்கின்றன. அவற்றில் ஓவியர் கோபுலு வரைந்த படங்களை விரல் வைத்துக் காட்டுவார். கோபுலு படித்ததும் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் என்பதில் அவருக்கு ஊர்ப் பெருமை வேறு. வயதான காலத்தில் பக்கவாதம் வந்து கோபுலுவின் வலதுகை விழுந்தபோது, இடதுகையால் வரையப் பழகிக்கொண்டார். கோடு விரலில்தான் குடியிருக்கிறது என்றால் அது எப்படி முடியும் என்று கேட்டுவிட்டு, சார் பக்கத்தைப் புரட்டினார்.

போன வாரம் ஒரு பெண் பட்டு ப்ளவுஸுக்குத் துணியோடு வந்தாள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மூன்று புள்ளி வைத்து, காற்றில் ஓட்டிப் பார்த்து, முதுகுக் கழுத்தை வரைந்து காட்டினேன். கோடு அடிப்புள்ளியில் நிற்காமல் அரை இஞ்ச் கீழே ஓடிவிட்டது. "இறக்கம் இப்படியே இருக்கட்டும்க்கா, நல்லாயிருக்கு" என்றாள். டேப்பை எடுத்து அவள் முதுகில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதரை.