மீன் தொட்டி ஸ்டாண்டு: மரமா, இரும்பா?

பம்மலில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் என் அக்கா மகன் நாலடி மீன் தொட்டி வைக்கப் போகிறான். கொளத்தூர் வரைக்கும் போய்த் தொட்டி, மீன் எல்லாம் பார்த்தாச்சு. ஸ்டாண்டு மட்டும் முடிவாகலை. அவனுக்கு மரம்தான் வேணும், சோபாவோட பொருந்துமாம். இங்கே திருமுடிவாக்கத்துல எனக்குத் தெரிஞ்ச வெல்டிங் பட்டறைக்காரரைக் கேட்டா, "மரமெல்லாம் எதுக்கு சார், ஒன்றரை இஞ்ச் சதுரப் பைப்புல அடிச்சுத் தர்றேன், யானையே ஏறி நிக்கலாம்" என்கிறார். யார் சொல்றது சரின்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை இரண்டு பேருக்கும் முழுசா சாதகமா இல்லை.

முதல்ல எடை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பு வரை நிரப்பினால் 255 லிட்டர், அதாவது 255 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. இந்தத் தொட்டிக்கு 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். மணல், கல்லுக்கு 40 கிலோ வைங்க. மொத்தம் 350 கிலோ. ஐந்து ஆள் கட்டிப்பிடிச்சு ஒரே இடத்துல வருஷக்கணக்கா நிக்கிற மாதிரி.

இந்த எடையில் கால் நசுங்கிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நசுங்காது. 40 மி.மீ. சதுரப் பைப், 2 மி.மீ. தடிமன் என்றால் அதன் வெட்டுமுகத்தில் இரும்பு சுமார் 300 சதுர மி.மீ. அந்த ஒரு கால் மட்டுமே ஏழு டன்னுக்கு மேல் தாங்கும். நம்ம கால் ஒன்றுக்கு வருவது 90 கிலோ கூட இல்லை. பட்டறைக்காரர் சொன்ன யானை கணக்கு அந்த அளவில் சரி.

பிரச்சினை மேல் சட்டத்தில். நாலடி நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் போகும் அந்தப் பைப் தொய்யும். முன்னும் பின்னும் இரண்டு சட்டம், ஆளுக்கு 175 கிலோ என்று வைத்தால் நடுவில் இரண்டரை மி.மீ.க்கு மேல் தொய்வு வருகிறது. இப்போ அதே இடத்தில் 4க்கு 2 தேக்குச் சட்டத்தை நெட்டுக்குத்தா, அதாவது 4 இஞ்ச் பக்கம் நிமிர்ந்து நிற்கிற மாதிரி வைங்க. தொய்வு 1 மி.மீ.க்குக் கீழே! இரும்பு தேக்கைவிடச் சுமார் இருபது மடங்கு விறைப்பான பொருள்தான். ஆனால் சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தோட மும்மடிக்கு ஏறும். உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால்தான் ஒல்லிப் பைப்பை உயரமான மரச் சட்டம் ஜெயிக்கிறது. மரத்துக்கு ஒரு குறை உண்டு: வருஷக்கணக்கில் பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல இன்னும் தொய்யும். ஆரம்பத் தொய்வு இரண்டு மடங்கு ஆகலாம்.

இரும்புக்காரருக்கு இதற்கு மருந்து சுலபம். "அண்ணா, நடுவுல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கால் வைங்க" என்றேன். இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆறு கால், மேலும் கீழும் சட்டம் எல்லாம் சேர்த்து 20 அடிப் பைப் இரண்டு நீளம், ஏறக்குறைய 28 கிலோ இரும்பு. அவ்வளவுதான்.

கண்ணாடித் தொட்டியை உடைக்கிறது பெரும்பாலும் எடை இல்லை, முறுக்கு. நாலு மூலையில் ஒன்று 2 மி.மீ. தாழ்ந்திருந்தால் அடிக்கண்ணாடியும் சிலிகான் ஒட்டும் திருகப்படும். மாசக்கணக்கில் ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் ராத்திரி கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இங்கே இரும்பு கொஞ்சம் ஆபத்தானது. வெல்டிங் சூட்டில் சட்டம் இழுக்கும். முதலில் புள்ளி வெல்டு மட்டும் போட்டு, மூலைக்கு மூலை டேப் வைத்து இரண்டு குறுக்களவும் சமமா என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டு. காலுக்கு அடியில் மட்டம் சரிசெய்கிற போல்ட், தொட்டிக்கு அடியில் முக்கால் இஞ்ச் பிளைவுட், அதன் மேல் தெர்மகோல். மரத்தில் வேறு கவலை: பாரம் மரத்தின் மேல் மரமாக உட்காரணும், ஸ்குரூவில் தொங்கக் கூடாது. பக்கவாட்டு ஆட்டத்துக்குப் பின்புறம் ஒரு பிளைவுட் பலகை கட்டாயம்.

அடுத்தது தண்ணீர். தொட்டி இருக்கிற இடத்தில் தினம் சிந்தும். இரும்பு பெரும்பாலும் வெளியே துருப்பிடிக்கிறதைவிட உள்ளே பிடிக்கிறதுதான் மோசம். பைப்புக்குள் யாரும் பெயின்ட் அடிக்க முடியாது. வாயை எல்லாம் வெல்டு வைத்து அடைக்கச் சொல்லுங்க. வெல்டு மேல் கசடைத் தட்டி எடுக்காமல் ரெட் ஆக்சைடு அடித்தால் முதல் துரு அங்கேதான். ஜி.ஐ. பைப் போட்டாலும் வெல்டு இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகையும் நல்லதில்லை.

மரத்தில் எது என்பதுதான் கேள்வியே. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் ஈரம் பட்டால் ஊதி உதிரும். மீன் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகை. தேக்கு நல்லது, கரையானும் அவ்வளவாகத் தொடாது, காசுதான் இடிக்கும். இங்கே சிட்கோ எஸ்டேட் பக்கம் பலர் கழித்த பேலட் மரத்தை வாங்கி ஸ்டாண்டு அடிக்கிறார்கள். பெரும்பாலும் மென்மையான பைன். ஏற்றுமதி இறக்குமதிக்குப் போன பேலட்டில் முத்திரை இருக்கும்: 'எச்.டி.' என்றால் சூடாக்கிப் பூச்சி நீக்கியது, 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. இரண்டாவதை வீட்டுக்குள் எடுக்காதீங்க. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மரச் சாமான் வாங்கினால், பழைய கதவுச் சட்டமாகப் பார்த்து வாங்கலாம். மேஜை, டிவி ஸ்டாண்டு வேண்டாம்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கலை. அப்படி நின்றால் சாதா பிளைவுட் பிரிந்துபோகும். இரும்பைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பெயின்ட் அடிக்கலாம்.

அக்கா மகனுக்கோ மாடி. வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டி நிற்கிற இடத்தில் மட்டும் 650 கிலோ வருகிறது. அறை முழுக்க அப்படி இல்லை என்பதால் ஸ்லாபு உடனே விழாது. ஆனாலும் ஹாலின் நடுவில் வேண்டாம், பீம் போகிற சுவரோரமா நீளவாக்கில் வைக்கச் சொன்னேன். நாலடிக்கு மேல் போகிறவர்கள் கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் வைக்காதீங்க.

என் முடிவு: இரண்டடித் தொட்டிக்கு நல்ல மரம் போதும். மூன்றடி தாண்டினால் உள்ளே இரும்பு, வெளியே மரம். அவனுக்கு ஆறு கால் இரும்புச் சட்டம் சொல்லியிருக்கேன். சோபா நிறத்தில் பிளைவுட் கதவை ஆசாரி வெளியே மாட்டுவார், அதில் பாரம் ஏறாது. இரும்பு மின்சாரம் கடத்தும் என்பதால் ஃபில்டர் பாயின்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லியிருக்கேன். தொட்டி ஏறியதும் பாதி மட்டும் தண்ணீர் விட்டு, ஒரு நாள் கழித்து நாலு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்க்கணும். குமிழி நகர்ந்திருந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு போல்ட்டைத் திருப்பணும், தண்ணீரோடு திருப்பக் கூடாது.