வீட்டைப் பழுதுபார்த்துப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் நம் பெரியவர்கள். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது இவ்விரண்டையும் விடக் கடினம் என்பதை ஏன் சொல்லாமல் விட்டார்களோ தெரியவில்லை. மைசூரில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பல, பெற்றோர் விட்டுச் சென்ற பழைய வீடுகளில் வசிக்கின்றன. அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் என் அனுபவத்தைச் சற்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சாமராஜபுரத்தில் உள்ள எங்கள் வீடு, என் தந்தையார் 1968-ல் வாங்கியது. மேலே 'மெட்ராஸ் டெரஸ்' தளம். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாகப் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கிய தளம். பெயரிலேயே நம் ஊர் இருப்பதால் அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை! நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், சரியாக அம்மாவின் கட்டிலுக்கு மேலே அது ஒழுகத் தொடங்கியது.

தெரிந்தவர் ஒருவர் ஒரு காண்ட்ராக்டரை அழைத்து வந்தார். விசாரித்ததில் அம்மாவின் ஊர்ப் பக்கத்துக்காரர். "கவலைப்படாதீங்கம்மா, என்னை உங்க பிள்ளை மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் விழுந்துவிட்டோம். அவர் மாடிக்கு ஏறிப் பார்க்கவே இல்லை. கீழிருந்தபடியே, "மேலே சிமெண்ட் போட்டு மூடிடலாம், ரெண்டேகால் லட்சம் ஆகும்" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தேன்.

இரண்டு நாள் ஆட்கள் வந்து பாதித் தளத்தில் சிமெண்ட் பூசினார்கள். பிறகு போன் செய்தால் "நாளைக்கு வர்றேன் சார்" என்ற பதில்தான். இங்கே ஒரு காலத்தில் பேய் வராமலிருக்க வாசற்கதவில் 'நாளெ பா', அதாவது 'நாளை வா' என்று எழுதி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? நம் காண்ட்ராக்டர் அதைத் தலைகீழாகப் பின்பற்றினார்!

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் பெரும் சத்தம். கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து அம்மாவின் தலையணை மேல் கிடந்தது. நல்லவேளை, அம்மா அன்று பெங்களூரில் தங்கை வீட்டில் இருந்தார். 2012-ல் நம் ஊர் லான்ஸ்டவுன் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் இறந்ததும், 2016-ல் பழுதுபார்க்கும் வேலை நடக்கும்போதே தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்ததும் கண்முன் வந்தன. அன்றிரவு நான் தூங்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கன்னட டீச்சரம்மா ஒரு வயதான மேஸ்திரியை அனுப்பினார். வந்ததும் அவர் கேட்டது ஏணி! மாடியில் கைத்தடியால் தட்டித் தட்டி, பொள்ளல் சத்தம் வந்த இடங்களில் கரியால் வட்டம் போட்டார். கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளைக் கத்தியால் குத்திப் பார்த்தார். "சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் விரிசல் வழியே இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. மரம் உளுத்துவிடும்" என்று கன்னடத்தில் விளக்கினார். கடைசியில், "நான் வேலை செய்த இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஸ்வாமி. நல்ல மழை பெய்யும்போது போங்கள்" என்றார்.

குடை பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு வீட்டிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நம் அரண்மனைக்கும் இப்படித்தான். 1897-ல் பழைய மர அரண்மனை தீக்கிரையான பின், புதியதைக் கட்டும் பொறுப்பு ஹென்றி இர்வினிடம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தையும் சிம்லாவின் வைஸ்ராய் மாளிகையையும் கட்டி முடித்தவர் அவர். 1912-ல் மைசூர் அரண்மனை நிறைவடைந்தது. ராஜ குடும்பத்துக்கும் பார்த்து நம்ப முன்வேலை இருந்தது. நானோ ஊரை விசாரித்தேன், வேலையை விசாரிக்கவில்லை.

இம்முறை என்னென்ன வேலை, என்ன பொருள், எத்தனை நாள் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம். முன்பணம் பத்து சதவீதம். கட்டை மாற்றியதும் ஒரு பங்கு, தளம் இடித்து முடித்ததும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு. இதைக் கேட்க எனக்குத்தான் கூச்சம். மேஸ்திரி முகம் கோணாமல் சம்மதித்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் சேர்த்து அவர் தளம் போட்டதை அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு கட்டும் பணியும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை'தான். குறையிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். "நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே" என்று தயங்கியதில் எனக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது.

இதனால் தமிழரை நம்பாதீர்கள் என்று சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம்மவரில் நல்ல வேலைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களும் ஏணி கேட்பார்கள்.

சென்ற ஐப்பசி மழை கழிந்ததும் மேஸ்திரியை அழைத்து மீதிப் பணத்தைக் கொடுத்தேன். அம்மா காபி கொடுத்தார். அதே கட்டிலில்தான் இப்போதும் படுக்கிறார்.