ஒரு ஏக்கர் அவள் கையில்

2016 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் லாத்தூர் நகருக்குக் குடிதண்ணீர் ரயிலில் வந்தது. மிரஜிலிருந்து வந்த முதல் ரயிலில் 10 டேங்கர் வேகன்கள், சுமார் 5 லட்சம் லிட்டர். அந்தக் கடும் வறட்சியிலும் லாத்தூர் அடங்கிய மராத்வாடா பகுதியில் கரும்பு நின்றது.

அங்கே கரிசலுக்கு அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. மழைநீர் அதில் ஆழமாக இறங்க வழி குறைவு. மழையோ வரவர முறை தப்பிப் பெய்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில் எதை விதைப்பது என்பதே தண்ணீரைப் பற்றிய முடிவுதான். அந்த முடிவைப் பெரும்பாலும் ஆண்களே எடுத்துவந்தார்கள்.

1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பிந்தைய மறுகட்டுமானப் பணிகளிலிருந்து வளர்ந்தது, பிரேமா கோபாலன் தொடங்கிய 'ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்' என்ற தொண்டு நிறுவனம். அது பெண்களிடம் சொன்ன யோசனை எளிமையானது: வீட்டு நிலத்தில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ கேளுங்கள், அதில் முதலில் வீட்டுக்கு வேண்டிய உணவை விளைவியுங்கள். களையெடுப்பதும் அறுப்பதும் அவள், முடிவெடுப்பது அவர் என்று பழகிய வீட்டில் இப்படிக் கேட்பதற்கே துணிச்சல் வேண்டும்.

கேட்டு வாங்கிய துண்டில் துவரை, உளுந்து, பாசிப்பயறு, சோளம், காய்கறி எனக் கலந்து விதைக்கிறார்கள். துவரை வேரை ஆழமாக விட்டு ஈரம் தேடும். பயறுகள் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். மழைக்காலம் முடிந்து விதைக்கும் சோளம், கரிசல் பிடித்துவைத்த ஈரத்திலேயே விளைந்துவிடும். சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனம். மூடாக்கும் மண்புழு உரமும் ஈரத்தைக் காக்கின்றன, காய்கறிக்குச் சொட்டுநீர். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் கேட்கும் கரும்போடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 2016இல் இந்த முயற்சிக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது.

ஆனால் பயிரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்த பிறகும் நிலம் அவள் பேரில் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 சதவீதம்தான். விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகைக்கும் நிலப் பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள். மகாராஷ்டிராவில் அந்த ஆவணத்தை 'சாத்பாரா', அதாவது ஏழு-பன்னிரண்டு என்பார்கள். மனைவி பேருக்கு நிலத்தை எழுதச் சொல்லி, சரத் ஜோஷியின் விவசாயிகள் அமைப்பான ஷேத்கரி சங்கடனா 1990 வாக்கிலேயே 'லட்சுமி முக்தி' இயக்கம் நடத்தியது. இன்றும் பெரும்பாலான வீடுகளின் சாத்பாராவில் இருப்பது கணவர் பெயரோ மாமனார் பெயரோதான்.